அப்பாவின் கையில் மினுங்கிய செதில்

முன்பள்ளி ரீச்சர் என்றால் பாட்டும் விளையாட்டும் படம் கீறலும்தான் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு இந்த வேலையில் பதினான்கு வருடம். அதில் பாதி மூக்குத் துடைத்ததில் போயிருக்கும். மிச்சத்தில் பெரும்பங்கு நகம் வெட்டுவதிலும், பேன் பார்ப்பதிலும், "ரீச்சர், வந்திட்டுது" என்று காலைக் குறுக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலசலகூடத்துக்கு ஓடுவதிலும் போனது.

எங்கள் முன்பள்ளி மன்னார்த் தீவின் தென்கரையில், வேதக் கோயில் வளவுக்குள் இருக்கும் ஒரு சிறிய மண்டபம். இது நடந்த வருடம் இருபத்திரண்டு பிள்ளைகள். இரண்டு மூன்று பேரைத் தவிர எல்லாரும் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். வளவுக் கிணற்றுத் தண்ணீர் உவர். சவுக்காரம் போட்டால் நுரைக்காது, கையில் களி மாதிரி ஒட்டும். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரும். அதைக் கறுப்புத் தாங்கியில் நிரப்பி, பிள்ளைகளின் உயரத்துக்கு நான்கு குழாய் பூட்டி வைத்திருந்தோம். குழாயடியில் ஈரம் பட்டால் போதும், ஊர்க் கழுதைகள் வந்துவிடும். ஒரு நாள் ஒரு கழுதை முகத்தால் இடித்துக் குழாயை உடைத்துவிட்டது. தாங்கித் தண்ணீர் முழுவதும் மணலுக்குள் போனது. அன்றைக்குக் கை கழுவும் பாடத்தைத் தண்ணீர் இல்லாமல்தான் நடத்தினேன். பிள்ளைகள் வெறுங்கையை உரசி, வெறுங்கையை உதறி, நெஞ்சில் ஊசியால் குத்தியிருந்த லேஞ்சியால் துடைத்துக் காட்டினார்கள். ஒருத்தருக்கும் அதில் குறை இல்லை. எனக்குத்தான் அழுகை வரும்போல இருந்தது.

வருடத் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்திருந்தது. ஐந்தாறு பேர் படுத்துவிட்டார்கள். ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்து சேலைன் ஏற்றினார்கள். அந்தத் தாய் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு, கை கழுவுவதை விளையாட்டாக விட்டுவிடக் கூடாது என்று முடிவெடுத்தேன். அந்த நேரம்தான் முன்பள்ளி ரீச்சர்மாருக்கு டவுனில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அங்கே ஒரு செய்முறை காட்டினார்கள். ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் மினுக்குத் தூளைத் தடவுங்கள், அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குக் கை கொடுக்கட்டும், கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுக்க மினுங்கும், கிருமி எப்படிப் பரவும் என்று பிள்ளைகளுக்குக் கண்ணால் விளங்கிவிடும் என்றார்கள். நல்ல யோசனை. எனக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது.

நத்தாருக்குப் பாலன் குடில் சோடித்தபோது மிஞ்சிய வெள்ளி மினுக்குத் தூள் ஒரு போத்தல் அலுமாரிக்குள் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனேன்.

முன்வரிசையில் எப்போதும் ஒரு சிறுமி இருப்பாள். நாலரை வயது. சிரிப்புக் குறைவு. நான் சொல்வதை வாய் திறந்தபடி கேட்பாள். மற்றப் பிள்ளைகள் பாட்டை மறந்துவிட்டால் இவள் எழுந்து நின்று சரியான வரியைச் சொல்லிக் கொடுப்பாள். அவளுடைய கையில்தான் தூளைத் தடவினேன். அவள் எல்லாரிடமும் போய்க் கை கொடுத்தாள். ஐந்து நிமிடத்தில் கன்னம், மூக்கு, கதிரை, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் மினுங்கத் தொடங்கியது. பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். நான் குரலைப் பெரிதாக்கிச் சொன்னேன்:

"இதுதான் கிருமி. இது வயித்துக்குள்ள போனா வருத்தம் வரும். மினுக்கம் போகும்வரைக்கும் கழுவவேணும். சரியோ?"

"ஓம் ரீச்சர்!"

அவள் சிரிக்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றாள். எல்லாரும் கழுவி முடித்த பிறகும் குழாயடியில் நின்று விரல் இடுக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "காணும் மகள், எல்லாம் போயிட்டுது" என்று நானே குழாயைப் பூட்டினேன். இப்படி ஒரு பிள்ளை வகுப்புக்கு ஒன்று இருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு கிழமை கழித்து அவளுடைய தாய் வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். சிரித்துக்கொண்டுதான் கதைத்தாள்.

"ரீச்சர், என்னத்தைச் சொல்லிக் குடுத்தனீங்கள்? வாளித் தண்ணி முழுக்க இவளுக்குத்தான். சோறு தின்ன முன்னமும் கழுவுறாள், திண்டிட்டும் கழுவுறாள். கதவைத் தொட்டாலும் கழுவுறாள். பவுசர் வராத நாளில நான் சமையலுக்கு எங்க போறது?"

"நல்ல பழக்கம்தானே பிள்ளை" என்று நானும் சிரித்தேன். "கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணியைக் கோப்பையில ஊத்திக் குடுங்கோ."

அவள் தலையாட்டினாள். வேறு ஏதோ சொல்ல வந்ததுபோல் வாசலில் கொஞ்சம் நின்றாள். பிறகு சொல்லாமல் போய்விட்டாள். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், பிள்ளைகளை அனுப்பிவிட்டு மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது வாசல் படலையடியில் ஒருவர் நின்றார். அந்தச் சிறுமியின் தகப்பன். கோயிலில் கண்டிருக்கிறேன், கதைத்ததில்லை. குளித்து, தலை வாரி இழுத்து, முழுக்கைச் சேட்டை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டு வந்திருந்தார். சித்திரை வெயிலில் அப்படி ஒருவரும் உடுப்பதில்லை.

"உள்ள வாங்கோ தம்பி."

"இல்லை ரீச்சர், இதில நிக்கிறன்." மணலைப் பார்த்தபடி கேட்டார். "ஒண்டு கேக்கவேணும். எந்தச் சவுக்காரம் போட்டா இது போகும்?"

சேட்டுக் கையை மடித்துக் காட்டினார். முழங்கைக்குக் கீழே, மயிரோடு மயிராக, சின்னச் சின்னதாக மீன் செதில்கள். சூடை மீனின் செதில். வெயில் பட்டபோது அது வெள்ளியாக மினுங்கியது.

எனக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. கையில் இருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அது விழுந்தது. மறுபடி எடுத்து வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் சொன்னார். விடியக் கரைக்கு வந்து, வலையில் சிக்கிய சூடையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனால், படலையைத் திறக்க முன்னமே மகள் ஓடிவருவாளாம். தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி வருவாராம். அது பிறந்ததிலிருந்து வந்த வழக்கம். இப்போது அவரைக் கண்டால் தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளிக்கிறாள். ஒரு நாள் கையை நீட்டியபோது, "அப்பா முழுக்கக் கிருமி" என்று குழறி அழுதாளாம்.

"நானும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்திட்டன் ரீச்சர். தேசிக்காயும் போட்டன், சலவைத் தூளும் போட்டன். ஒண்டு ரெண்டு எங்கயாவது ஒட்டிக்கொண்டு கிடக்கும். அவள் அதைக் கண்டுபிடிச்சிடுவாள். கண் அப்பிடி." அந்த இடத்தில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மகளின் கெட்டித்தனத்தை நினைத்து வந்த சிரிப்பு. "நீங்கள் படிச்சனீங்கள். என்ன சவுக்காரம் எண்டு சொன்னா வாங்கிப் போடுவன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் என்னைக் குற்றம் சொல்லவே இல்லை. தன் கையைத்தான் குற்றம் சொன்னார். அவருடைய முழங்கையில் தோல் தேய்ந்து சிவந்து கிடந்தது.

"பிழை என்னிலதான் தம்பி" என்றேன். "உங்கட கையில ஒண்டும் இல்லை. நான் நாளைக்கே பிள்ளைக்கு விளங்கப்படுத்திறன்."

"சரி ரீச்சர். அப்ப சவுக்காரம்?"

ஒரு சவுக்காரத்தின் பெயரைச் சொன்னேன். சொல்லாமல் அவரை எப்படி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் பிள்ளைகளைச் சுற்றி இருத்திவிட்டு, மீன் செதில் கிருமி இல்லை, மினுங்குகிறது எல்லாம் கிருமி இல்லை, அன்றைக்கு ரீச்சர் காட்டியது சும்மா ஒரு விளையாட்டு என்று சொன்னேன். அவள் கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், நீங்கள்தானே இதுதான் கிருமி எண்டு சொன்னீங்கள்?"

"அது மினுக்குத் தூள் மகள். கிருமி கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாட்டி, அப்பாவில இல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

உண்மையைச் சொன்னால், மீன் கழற்றிய கையைக் கழுவத்தான் வேண்டும். அதையும் நான்தான் படிப்பிக்கிறேன். கழுவு என்றும் சொல்லவேண்டும், பயப்படாதே என்றும் சொல்லவேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னும் ஒரு பிழை விட்டேன். வித்தியாசத்தைக் கண்ணால் காட்டினால் விளங்கும் என்று நினைத்து, ஒரு தட்டில் மினுக்குத் தூளையும் இன்னொரு தட்டில் சூடைச் செதிலையும் வைத்துக் காட்டினேன். பிள்ளைகள் மாறி மாறிப் பார்த்தார்கள். "ரெண்டும் ஒண்டுதான் ரீச்சர்" என்றாள் ஒருத்தி. அந்தக் கிழமை வேறு இரண்டு தாய்மார் என்னிடம் வந்தார்கள். தங்கள் பிள்ளைகளும் தகப்பன்மாரின் கையைத் தட்டிவிடுகிறார்கள் என்று. அந்தப் பிள்ளைகளுக்கு அது நாலைந்து நாளில் மறந்துபோனது. இவளுக்கு மறக்கவில்லை.

பயிற்சி தந்த அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப தாய் தகப்பனுக்கும் கை கழுவுற பாடம் நடத்துங்கோவன்" என்றார். கிளினிக்குக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் கேட்டேன். "வளரச் சரியாப் போகும்" என்றார். வளரும்வரைக்கும் அந்த மனிதர் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அவர் தன் கொப்பியில் அடுத்த பிள்ளையின் நிறையை எழுதத் தொடங்கிவிட்டார்.

சிறுமியின் கைகள் இதற்குள் வெடிக்கத் தொடங்கியிருந்தன. உவர்த் தண்ணீரிலும் கழுவினாள். விரல் மூட்டில் தோல் பிளந்து, பென்சில் பிடிக்கும்போது முகம் சுளித்தாள். நான் தேங்காய் எண்ணெய் பூசிவிடுவேன். பூசியது மினுங்குகிறது என்று போய்க் கழுவிவிட்டு வருவாள்.

ஒரு நாள் தாய் என்னைக் கோயில் வாசலில் கண்டு, நல்ல செய்தி சொல்வதுபோல் கிட்ட வந்தாள்.

"ரீச்சர், இப்ப ஒரு வழி பிடிச்சிட்டம். அவர் டவுனில மஞ்சள் கையுறை ஒரு சோடி வாங்கி வந்தவர். ஆஸ்பத்திரியில துடைக்கிற ஆக்கள் போடுறது. அதைப் போட்டா இவள் கிட்ட விடுறாள். நேற்று சோறும் வாயில அள்ளித் தீத்தினவர்."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். நான் என்ன முகத்தோடு நின்றேனோ தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சின்ன வீடு. முற்றத்துச் சூரியகாந்திச் செடிக்குப் பக்கத்தில் உப்புத் தண்ணீர் ஒரு வாளியும் நல்ல தண்ணீர் ஒரு வாளியும் மூடி வைத்திருந்தார்கள். எனக்குக் கதிரை போட்டார்கள். தகப்பன் முற்றத்து அடுப்பில் மீன் சுட்டுக்கொண்டிருந்தார். கொடியில் அந்தக் கையுறைகள், விரல்கள் கீழே தொங்க, காய்ந்துகொண்டிருந்தன. சிறுமி என்னைக் கண்டதும் ஓடி வந்து மடியில் ஏறினாள். அவளுக்கு என்னில் அவ்வளவு விருப்பம். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நான் ஒரு திட்டத்தோடு போயிருந்தேன். "தம்பி, அந்த மீனில ஒரு துண்டு தாங்கோ. தட்டு வேண்டாம், கையால தாங்கோ" என்றேன்.

அவர் தயங்கினார். மனைவியைப் பார்த்தார். பிறகு கையை இரண்டு தரம் உடுத்திருந்த சாறத்தில் துடைத்து, முள் எடுத்து, ஒரு துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய கட்டை விரல் நகத்தோரம் ஒரு செதில் இருந்தது. நான் அந்த மீனை வாயில் போட்டு, பிள்ளை பார்க்க, மென்று தின்றேன்.

"பாத்தீங்களோ மகள், அப்பாவின்ர கையால ரீச்சர் திண்டிட்டன். ஒண்டும் ஆகேல்லை. நல்ல ருசி."

அவள் மடியிலிருந்து இறங்கினாள். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் ஓடினாள். வரும்போது ஒரு கையில் சவுக்காரம், மறு கையில் கோப்பை நிறையத் தண்ணீர். தண்ணீர் வழியில் பாதி சிந்திவிட்டது. கண் நிறைய நீர்.

"ரீச்சர், கெதியா வாயைக் கழுவுங்கோ. உங்களுக்கு வருத்தம் வந்திடும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் அடுப்புப் பக்கம் திரும்பி நெருப்பைக் கிளறினார். தாய், "ஏய், சும்மா இரடி" என்று அதட்டினாள். பிள்ளை இன்னும் அழுதது. கடைசியில் நான் எழுந்துபோய் அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிள்ளையின் அழுகையை நிறுத்தினேன். அதற்காக அந்தத் தகப்பனின் முற்றத்தில், அவர் தந்த மீனைத் தின்ற வாயைக் கழுவினேன்.

போகும்போது அவர் படலைவரைக்கும் வந்தார். "நீங்கள் கவலைப்படாதேங்கோ ரீச்சர், அவள் சின்னப் பிள்ளைதானே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பியது. தென்கரைக்கு அந்தக் காலம் கடல் பொல்லாதது. வழக்கமாக அவர் படகை வடகரைக்குக் கொண்டுபோய்த் தொழில் செய்வார். அந்த முறை இயந்திரம் பழுது. படகைக் கரையில் ஏற்றி ஓலையால் மூடிவிட்டு, தீவுக்கு வெளியே முருங்கன் பக்கம் வீடு கட்டும் இடத்தில் மேசனுக்குக் கையாளாகப் போனார். கிழமைக்கு ஒரு தரம், சனிக்கிழமை வீட்டுக்கு வருவார்.

அந்த மாதங்களில்தான் பிள்ளை மாறத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை என்னிடம் வந்து, "அப்பா என்னைத் தூக்கினவர்" என்றாள். "கையுறை போட்டோ?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். "அப்பாவின்ர கை இப்ப சாம்பல் நிறம். மினுங்காது." சீமெந்தைச் சொல்கிறாள். என் மனதில் இருந்த பாரம் பாதி இறங்கியது. பழகிவிட்டால், பிறகு கடலுக்குப் போனாலும் ஒட்டிக்கொள்வாள் என்று நம்பினேன்.

வகுப்பில் கை கழுவும் பாடம் நிற்கவில்லை. நிறுத்தவும் முடியாது, மாரி தொடங்கினால் வயிற்றோட்டம் திரும்ப வரும். கிருமி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். ஏன் கழுவ வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், "கழுவினாத்தான் சாப்பாடு ருசிக்கும்" என்று ஒரு பொய் சொன்னேன். ஒரு பிள்ளை கழுவாமல் தின்றுவிட்டு, "ரீச்சர், ருசிக்குது" என்றது. தாங்கியில் தண்ணீர் இருந்த நாட்களில் கழுவினோம். இல்லாத நாட்களில் ஈரத் துணியால் ஒவ்வொரு கையாகத் துடைத்துவிட்டேன். மார்கழியில் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினோம்.

தை மாதம் அவள் முதலாம் வகுப்புக்குப் போனாள். பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரையும் கண்டேன். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், புதுச் சப்பாத்து. தகப்பனின் கையைப் பிடித்திருந்தாள். தகப்பனின் தோளில் உடுப்புப் பை.

"ரீச்சர்!" என்று கூப்பிட்டாள்.

நான் கிட்டப் போனேன். அவருடைய விரல்களில் சுண்ணாம்பு தின்ற வெடிப்புகள். செதில் ஒன்றும் இல்லை.

"கடல் இப்ப நல்லாத்தானே இருக்குது தம்பி" என்றேன். அவரை அந்த நிறுத்தத்தில் காண்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ஓம் ரீச்சர். படகைத் தம்பியாரிட்டக் குடுத்திட்டன். இழுவைப்படகுக்காரர் வந்து வலை வலையாய் அறுத்துக்கொண்டு போறாங்கள். மண்ணெண்ணெய்க்கும் கட்டுப்படியாகாது. மேசன் வேலை எண்டா சனிக்கிழமை சம்பளம் கையில." பிறகு, நான் எதுவும் கேட்காமலே, "இவளுக்காக இல்லை ரீச்சர்" என்றார்.

அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. எங்கள் கரையில் அந்தக் காரணங்களால் தொழிலை விட்டவர்கள் பலர். அதை எனக்கு நானே இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் அந்தக் கடைசி வசனத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"பாருங்கோ, இப்ப கையை விடவே மாட்டாள்" என்று அவளைக் காட்டினார். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பஸ் வந்தது. அவர் குனிந்து அவளைக் கொஞ்சிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மிதிபலகையில் நின்று கையசைத்தார். பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் அவள் நின்ற இடத்தில் நின்றாள்.

"ரீச்சர், அப்பா எப்ப வருவார்?"

"சனிக்கிழமை."

"நெடுகவும் சனிக்கிழமையோ?"

"ஓம் மகள்."

அவள் அதைக் கொஞ்சம் யோசித்தாள். முந்தி விடியக் கரைக்கு வந்தவுடன் வீட்டுக்கு வருவாரே, இப்போது ஏன் அப்படி இல்லை என்று கேட்டாள். நான் அவளுடைய புத்தகப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நேரம் போயிட்டுது, வாங்கோ" என்று பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தேன்.